மே மாதம் ஸ்னோ லேக் போக நினைப்பவர்களுக்கு

மே கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறை நெருங்கினாலே சியாட்டில் பக்கம் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: லாங் வீக்கெண்டுக்கு எங்கே போகலாம்? யாராவது ஒருவர் ஸ்னோ லேக் என்று பதில் போடுவார். கூடவே ஒரு படமும் வரும். நீலத் தண்ணீர், சுற்றிலும் பச்சை, பின்னால் பாறை முகடு. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் தனியாகக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது இடது முழங்கால் வீங்கியிருந்தது. அன்று இரவு கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்தக் கோடை முழுக்கப் படியேறுவதே பெரும்பாடாக இருந்தது. கையிலிருந்து 3,500 டாலருக்கு மேல் போனது. போவதற்கு முன்னால் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று அப்போதெல்லாம் தோன்றும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏரி எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம். 52-ஆம் எக்ஸிட்டில் இறங்கி ஆல்பென்டல் பனிச்சறுக்கு மையத்தின் வாகன நிறுத்தம் வரை போக வேண்டும். அங்கே நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் என்னும் வனப்பகுதி அனுமதி தேவை, நாளுக்கு 5 டாலர். அங்கிருந்து போக வர 7 மைல் சொச்சம். சுமார் 3,100 அடி உயரத்தில் நடக்க ஆரம்பித்து, 4,400 அடியில் ஒரு மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் நானூறு அடி கீழே இறங்கினால் ஏரி. கோடையில் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். எங்கே பார்த்தாலும் 'நடுத்தரம்' என்றுதான் போட்டிருக்கும். நான் கோயமுத்தூர்க்காரன், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கினவன். ஆயிரத்து முன்னூறு அடி ஏற்றம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சொல்லப்போனால் ஏற்றம் எனக்குச் சிரமம் தரவும் இல்லை. சிரமம் வந்த இடம் வேறு.

மே கடைசியில் இங்கே ஊருக்குள் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும். எல்லோரும் அரைக்கால் சட்டைக்கு மாறியிருப்பார்கள். அன்று சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் 70 டிகிரி ஃபாரன்ஹீட், மேகமே இல்லை. ஆனால் ஏரி இருக்கும் ஸ்னோகுவால்மி கணவாய்ப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 400 அங்குலத்துக்கு மேல் பனி விழுகிறது. முப்பது அடிக்கும் மேல். அது அமுங்கி இறுகிக் கிடப்பதால் ஊரில் பத்து நாள் வெயில் அடித்தால் கரைந்துவிடாது. சாதாரண வருடத்தில் 4,000 அடிக்கு மேல், நிழல் விழும் சரிவுகளில், ஜூன் கடைசி வரைக்கும் ஏன் ஜூலை வரைக்கும்கூடப் பனி கிடக்கும். ஊரில் வசந்தம் முடியப்போகிற அதே நாளில் அங்கே குளிர்காலத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த செயலியில் அந்தப் பாதைக்கு ஆயிரக்கணக்கான பாராட்டுகள் இருந்தன, பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போனவர்கள் எழுதியவை. நட்சத்திரம் நான்கரை என்றால் அது ஆகஸ்ட் மாதத்து நான்கரை. நீங்கள் பார்க்க வேண்டியது கடந்த ஒரு வாரத்தில் போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை. வாஷிங்டன் ட்ரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் தேதி போட்ட பயணக் குறிப்புகள் இருக்கும். இந்த வாரக் குறிப்பு இல்லையென்றால் போன வருடம் இதே வாரத்துக் குறிப்பையாவது பாருங்கள். அதில் 'ஸ்பைக்ஸ்' (வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் முட்கள்) என்ற சொல் வந்தால் உங்கள் ஓட்டக் காலணி அங்கே வேலைக்கு ஆகாது.

காலை எட்டரைக்கு வண்டியை நிறுத்தினேன். நிறுத்தத்தின் ஓரங்களில் அழுக்குப் பனி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. இயந்திரம் தள்ளி ஒதுக்கியது என்று நினைத்துக்கொண்டேன். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அதில் இலவச அனுமதிச் சீட்டை நாமே எழுதி, ஒரு பிரதியைப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுதிப் போட்டதும் மனதுக்கு ஒரு தெம்பு வந்தது, நாம் உள்ளே போயிருக்கிறோம் என்று யாருக்கோ தெரியும் என்று. அப்படி யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குக்காக. நீங்கள் மாலையில் திரும்பினீர்களா என்று யாரும் வந்து சரிபார்ப்பதில்லை. நண்பன் ஒருவனுக்காவது 'இந்தப் பாதை, வண்டி இங்கே நிற்கிறது, இத்தனை மணிக்குள் என்னிடமிருந்து செய்தி வரவில்லையென்றால் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடு' என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். 'ஹைக்கிங் போறேன்டா' என்பது போதாது. நான் என் ஈரோட்டு நண்பனுக்கு அனுப்பியிருந்தது அதுதான். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

முதல் மைல் சேறும் சகதியுமாக இருந்தாலும் பாதை தெரிந்தது. அப்புறம் மரங்களுக்கிடையில் வெள்ளைத் திட்டுகள், பிறகு முழு வெள்ளை. ஒரு இடத்துக்கு மேல் பாதை என்று ஒன்றே இல்லை. ஊர்ப்பக்கம் மலையேறும்போது வழி தவறினாலும் தேய்ந்த கல், காய்ந்த சருகு, யாரோ போட்ட மிட்டாய்க் காகிதம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். இங்கே அதெல்லாம் ஐந்தாறு அடிக்குக் கீழே. காலடித் தடங்கள் இருந்தன, அதைப் பிடித்துக்கொண்டே போனேன். அவை பள்ளத்தாக்கின் கோடி வரைக்கும் நேராகப் போய், சோர்ஸ் லேக் என்னும் சின்ன ஏரி இருக்கும் குடாவில் போய் நின்றன. பனிச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்கள் போகும் வழி அது. கோடைப் பாதை அதற்கு முன்னாலேயே வலது பக்கம் பிரிந்து வளைந்து வளைந்து மேலேறும். கைபேசியில் தரவிறக்கி வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தால் நான் பாதைக் கோட்டிலிருந்து விலகி எங்கேயோ நிற்கிறேன். திரும்பி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. காலடித் தடம் அதைப் பதித்தவர் போக நினைத்த இடத்துக்குத்தான் போகும். நூறு தப்படிக்கு ஒருமுறை வரைபடத்தைப் பார்ப்பது அலுப்பாகத்தான் இருக்கும், பாருங்கள். இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் காணாமல் போய்விடுகிறது.

மேலேறும் சரிவில் ஒரு இடத்தில் பனி வழுவழுப்பாக இல்லாமல் கரடுமுரடான கட்டிகளாக, முறிந்த மரக்கிளைகளோடு கீழ்வரை கொட்டிக் கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். பனிச்சரிவு இறங்கிய தடம் அது என்று பின்னால் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பழைய மலையேறி சொன்னார். "அதற்குக் கீழே எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று கேட்டார். படம் எடுத்தேனே, சாப்பிட ஒரு கடலை மிட்டாய் வேறு பிரித்தேன். இந்தப் பகுதிக்கு நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் குளிர்காலத்தில் தினமும் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடும். ஏப்ரல் வாக்கில் அந்தத் தினசரி அறிவிப்பு நின்றுவிடும். அறிவிப்பு இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நம் புத்தி முடிவு கட்டிக்கொள்கிறது. வெயிலில் ஊறிக் கனத்த ஈரப்பனி மே மாதத்திலும் சரிந்து இறங்கும், முக்கியமாகப் பகல் சூடேறிய பிறகு. மேலே திறந்த செங்குத்துச் சரிவு, கீழே இப்படிக் கட்டி கட்டியாகக் குப்பை, மரங்களின் ஒரு பக்கக் கிளைகள் மொட்டை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அங்கே நிற்கவே கூடாது, கடந்தே ஆக வேண்டுமென்றால் காலையில் விறுவிறுவென்று கடந்துவிட வேண்டும்.

மேட்டு உச்சிக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏறும்போது பனி கெட்டியாக இருந்ததால் வழுக்கியது, ஆனால் ஆளைத் தாங்கியது. மேலிருந்து பார்த்தால் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெள்ளைத் தட்டம், ஓரத்தில் மட்டும் மெல்லிய நீல வளையம். அந்தப் பக்கம் இறங்கும் சரிவு எனக்குப் பிடிக்கவில்லை, மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏமாற்றம் இல்லையென்று சொன்னால் பொய். நீலத் தண்ணீரில் கால் நனைக்க வந்தவன். டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன். வெயில் சுகமாக இருந்தது, காற்று இல்லை, ஆள் அரவம் இல்லை. கீழே குடாவில் பார்த்த பனிச்சறுக்குக்காரர்கள் இருவரும் எப்போதோ போய்விட்டார்கள். ஒரு மணிக்கு மேல்தான் எழுந்தேன்.

அதற்குள் பனி மாறிவிட்டது. வசந்த காலப் பனியின் குணமே அதுதான். இரவில் உறைந்து இறுகும், காலையில் மேலே நடக்கலாம், நடுப்பகலில் வெயில் பட்டு இளகிக் கூழாகும். ஏறும்போது கணுக்கால் வரைகூடப் புதையாத இடங்களில் இறங்கும்போது முழங்கால் வரை புதைந்தது, பிறகு தொடை வரை. இதை இங்கே போஸ்ட்ஹோலிங் என்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் காலை உருவி எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டும். இருபது நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பருத்தி டிராக் பேன்ட் தொடை வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. ஊரில் நமக்குப் பருத்தியைப் போல் துணி இல்லை. பனியில் அதைப் போல் மோசமான துணியும் இல்லை, நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்குப் பாலியஸ்டர் பேன்ட் ஒன்று போதும், விலை உயர்ந்த மலையேற்ற உடையெல்லாம் வேண்டாம்.

வளைவுப் பாதை முடிந்து காட்டுக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டு நின்றது. அதன் ஓரமாகப் போனால் பிடித்துக்கொள்ள வசதி என்று போனேன். இடது கால் வைத்த இடம் அப்படியே கீழே போயிற்று. இடுப்பு வரை இறங்கிவிட்டேன். உடம்பு கீழ்ச்சரிவுப் பக்கம் சாய, கால் உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலின் உள்பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், காதால் கேட்டேனா உடம்புக்குள் உணர்ந்தேனா தெரியவில்லை. வாந்தி வருவது போல் இருந்தது. வலி ஒரு பக்கம். அதைவிடப் பயமாக இருந்தது கீழேயிருந்து கேட்ட தண்ணீர்ச் சத்தம். என் காலுக்குக் கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. காலணிக்குள் தண்ணீர் ஏறுவது தெரிந்தது.

முதலில் பதறிப்போய் காலை வெடுக்கென்று இழுத்தேன். வலியில் கண் இருட்டியது. இன்னொரு தடவை இழுத்ததும் காலணி இன்னும் இறுகியது. அப்புறம் முதுகுப்பையைக் கழற்றி எனக்கு முன்னால் பனிமேல் போட்டு அதன்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினேன். அப்படிச் செய்ததும் மேற்கொண்டு இறங்குவது நின்றது. வெறுங்கையால் தோண்டினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிடுகிறது. பையில் கிடந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடி ஞாபகம் வந்தது. அதை வைத்துக் காலைச் சுற்றிச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். இளகின பனி மேலே, அதற்குக் கீழே மணல் மணலாகக் கெட்டிப்பனி, மூடியின் விளிம்பு வளைந்தே போனது. கை கணுக்கால் வரை எட்டியதும் காலணிக் கயிற்றைத் தளர்த்தினேன். பாதத்தைக் கொஞ்சம் திருப்பினால் வெளியே வருகிறது. காலணியை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நல்லவேளை, மறுபடி கைவிட்டுத் துழாவி அதையும் எடுத்தேன். அது இல்லாமல் மிச்சப் பனியிலும் சேற்றிலும் நடந்திருக்க முடியாது. இதற்கெல்லாம் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.

பாறைக்குப் பக்கத்தில் ஏன் அப்படி இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கருத்த பாறை வெயிலைக் குடித்துச் சூடாகும், அந்தச் சூட்டில் அதைச் சுற்றியுள்ள பனி அடிப்பக்கமாகக் கரைந்து குழியாகும். மேலே ஒரு தோல் மட்டும் மிஞ்சும். பனிக்கு மேலே நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களைச் சுற்றியும் அதே கதை. ஓடைகளின் மேலே பனிப்பாலம் போல் ஒரு கூரை நிற்கும், தண்ணீர் அதை அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடையாளங்கள் உண்டு. லேசாகக் குழிந்து நீளமாகப் போகும் பள்ளம், அங்கே மட்டும் சாம்பல் நிறத்தில் பனி, காதைத் தீட்டிக் கேட்டால் எங்கேயோ சலசலப்பு. பாறையிடமிருந்தும் மரத்திடமிருந்தும் ஆள் உயரத் தூரமாவது தள்ளிப் போங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் காலை வைக்கும் முன் குத்திப் பார்க்கலாம். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்காமல் யாரும் மலை ஏறமாட்டார்கள், நானும் வாங்கித்தான் ஏறினேன். இங்கே ஏனோ அது வயதானவர்கள் சமாசாரம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 70, 80 டாலருக்குக் காலணிக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் கிடைக்கிறது, மலையேற்றக் கடைகளில் வாடகைக்கும் தருவார்கள். கெட்டிப்பனியில் அது வழுக்காமல் காக்கும். இளகின பனியில் புதைவதைத் தடுக்காது, அதற்கு மருந்து நேரம்தான். அதிகாலையில் ஏறத் தொடங்கி நடுப்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும்.

இடது காலை ஊன்றினால் முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. கைபேசியை எடுத்தேன். சிக்னல் இல்லை, அது சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்று 9 சதவீதத்துக்கு வந்திருந்தது. குளிரில் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும். காலையிலேயே ஃப்ளைட் மோடில் போட்டு, சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் மாலை வரை வந்திருக்கும். ஜிபிஎஸ் ஃப்ளைட் மோடிலும் வேலை செய்யும், வரைபடத்துக்கு அது போதும். ஐபோன் 14-இலிருந்து செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, வானம் திறந்து தெரியும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். என்னுடையது அதற்கு முந்தைய போன். குரல் அழைப்பு போகாத இடத்தில் 911-க்குக் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், இந்தப் பகுதி இருக்கும் கிங் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) அந்த வசதி உண்டு. நான் அனுப்பினேன், போகவில்லை. அனுப்பும்போதே மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? ஹெலிகாப்டர் வந்தால் பில் எவ்வளவு வரும், விசாவுக்கு ஏதாவது சிக்கல் ஆகுமா! இதை வெட்கப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதே பயத்தில்தான் கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மலையில் மாட்டியவர்களைத் தேடி மீட்பது கவுண்டி ஷெரிஃப் பொறுப்பு, களத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், மீட்டதற்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு தனியார் ஆம்புலன்ஸோ மருத்துவமனையோ என்று போனால் அதற்குத்தான் பில். தேவைப்பட்டால் கூப்பிட்டுவிடுங்கள், இருட்டும் முன் கூப்பிடுங்கள்.

மே கடைசியில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. என்னைக் காப்பாற்றியது அதுதான். முறிந்து கிடந்த ஒரு கிளையை ஊன்றிக்கொண்டு, செங்குத்தான இடங்களில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒரு இடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்து நிற்கவில்லை. கடலை மிட்டாய் மிச்சத்தைத் தின்று, ஈரச் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துவிட்டுத் தலைக்குப் போட்டிருந்த குல்லாவைப் பாதத்தில் மாட்டிக் காலணியைப் போட்டேன். கேலிக்கூத்தாக இருந்தது, ஆனால் கால் கொஞ்சம் கதகதப்பானது. உபரியாக ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸும் கையுறையும் நெகிழிப் பையில் கட்டிப் போட்டுக்கொண்டால் எடையே தெரியாது. அழுதேனா என்று கேட்டால், ஆமாம். சத்தமாகவே அழுதேன், யார் கேட்கப் போகிறார்கள்? வண்டிக்கு வந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. இடது கால் என்பதாலும் ஆட்டோமேட்டிக் வண்டி என்பதாலும் ஓட்ட முடிந்தது. சிக்னல் வந்ததும் நண்பனுக்கு அடித்தேன். "எங்கடா இருக்க? சாயங்காலத்துல இருந்து மெசேஜ் போடறேன்" என்றான். "வீட்டு வாசல்ல வந்து நில்லுடா, ஆஸ்பத்திரி போகணும்" என்று மட்டும் சொன்னேன்.

சின்ன அவசரங்களைப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகளை எல்லாம் எட்டு மணிக்கு மூடிவிட்டார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு வந்த மருத்துவர் முதலில் கேட்டது, "நாலு அடி நடக்க முடிகிறதா?" நடந்து காட்டினேன், நொண்டித்தான். எலும்பு முறிவு இருக்குமா, எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய அது ஒரு கேள்வியாம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பின்னால் எடுத்த எம்ஆர்ஐயில் உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், முழங்காலைத் தாங்கும் பிரேஸ் என்ற பட்டை போட்டு பிசியோதெரபி செய்தால் போதும் என்றார்கள்.

அன்றைய கூத்து அதோடு முடியவில்லை. நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு வந்து படுத்தால் இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டித் தேய்த்தது போல் எரிச்சல், தண்ணீராகக் கொட்டுகிறது, விளக்கைப் போட்டால் கத்தத் தோன்றுகிறது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருந்த செவிலியர் எண்ணுக்கு நண்பன் பேசினான். பனியில் எதிரொளித்த புற ஊதாக் கதிரால் விழியின் மேல்பரப்பு வெந்திருக்கும், ஓரிரு நாளில் சரியாகும், தேய்க்க வேண்டாம், இருட்டறையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குறையவில்லையென்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்றார்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்குமாம். பட்ட உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பில் நான் சன்ஸ்கிரீனும் போடவில்லை. மறுநாள் மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் தோல் உரிந்தது. கீழேயிருந்து அடிக்கும் வெயிலைத் தொப்பி தடுக்காது, கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

ஞாயிறு வீடியோ காலில் பிரேஸ் கொஞ்சம் தெரிந்துவிட்டது. "ஏங்கண்ணு, கால்ல என்ன அது கட்டு?" என்று அம்மா கேட்டார். பேட்மின்டன் விளையாடும்போது சுளுக்கிக்கொண்டது என்றேன். "பாத்து வெளையாடு சாமி" என்றார். இன்று வரை அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

இனி பணக் கணக்கு. காப்பீடு போக என் பங்காக மருத்துவமனை 1,870 டாலர், அவசரப் பிரிவு மருத்துவருக்குத் தனியாக 410, எம்ஆர்ஐ 690, பிரேஸ் 95, பிசியோதெரபிக்குக் கூட்டிப் பார்த்தால் 480. நான் எடுத்திருந்தது டிடக்டபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, அதிகமுள்ள திட்டம், மாதத் தவணை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தது. அவசரப் பிரிவுக்குப் போனால் மருத்துவமனை பில் ஒன்று, மருத்துவர் பில் இன்னொன்று என்று தனித்தனியாக வரும், பயந்துவிடாதீர்கள். அந்த மருத்துவர் உங்கள் காப்பீட்டு நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) இல்லை என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, 2022-இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. பில் வந்ததும் கட்டிவிடாமல் காப்பீட்டு நிறுவனத்தின் விளக்கத் தாள் வரும்வரை பொறுத்து, இரண்டு தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒத்துப்போகவில்லை, இரண்டு முறை பேசித்தான் 410 ஆனது, முதலில் வந்தது 730. படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று: வருமானம் குறைந்தவர்களுக்கு மருத்துவமனைகள் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் உண்டு. 'சாரிட்டி கேர்' விண்ணப்பம் வேண்டும் என்று நீங்களாகக் கேளுங்கள்.

மே மாதம் மலை ஏரி பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் உயரம் குறைந்த ஏரியாகப் பாருங்கள். அதே ஐ-90-இல் 45-ஆம் எக்ஸிட் பக்கம் டலாபஸ் ஏரி இருக்கிறது, சுமார் 3,300 அடி உயரம், காட்டுக்குள்ளேயே போகும் வழி, பனி முன்னதாகவே விடும். அங்கேயும் அந்த வாரக் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பனியே வேண்டாம் என்றால் ட்வின் ஃபால்ஸ், ராட்டில்ஸ்நேக் லெட்ஜ் என்னும் நடைபாதைகள் இருக்கவே இருக்கின்றன. ஸ்னோ லேக்குக்கு ஆகஸ்டில் என் ஈரோட்டு நண்பன் குடும்பத்தோடு போய்விட்டு வந்து வீடியோ காட்டினான். நான் விழுந்த பாறையை அதன் உச்சி வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு ஓடை, அதன் மேல் அவனுடைய ஆறு வயது மகள் கல் மேல் கல்லாகத் தாவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரே குறைதான், காலை எட்டு மணிக்குப் போயும் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லையாம்.